அரை டிக்கெட்டின் மீதிப் பாதி

 இன்றைக்கு எபிசோடில் பஸ் பாஸ் பற்றிப் பேசப் போகிறேன். "பஸ் பாஸ்ல பேசறதுக்கு என்ன ப்ரோ இருக்கு, காலேஜ்ல ஃபார்ம் கொடுப்பாங்க, போட்டோ ஒட்டணும், சீல் வாங்கணும், அவ்வளவுதானே"ன்னு நீங்க கேட்கலாம். அந்த ஃபார்முக்குப் பின்னாடி ஒரு பெரிய கணக்கு இருக்கு. அதைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஒரு பஸ்ஸில் 20 ரூபாய் டிக்கெட். மாணவர் என்பதால் நீங்கள் 10 ரூபாய் கொடுத்து ஏறுகிறீர்கள். மீதி 10 ரூபாயை யார் கொடுக்கிறார்கள்? டீசல் உங்களுக்காகக் குறைவாக எரியாது. கண்டக்டர் சம்பளம் உங்களுக்காகக் குறையாது. அப்போ அந்த 10 ரூபாய் எங்கிருந்தோ வந்தாக வேண்டும், இல்லையா?

உலகத்தில் இதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. பஸ் முதலாளி கொடுப்பார், அரசு கொடுக்கும், இல்லாவிட்டால் மற்ற மாணவர்கள் கொடுப்பார்கள். யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, பஸ்ஸில் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பதும் மாறும். நான் இன்றைக்குச் சொல்ல வர்ற விஷயமே இதுதான்.

முதல் பதிலுக்குப் பக்கத்து மாநிலம் போவோம். கேரளா.

கேரளத்தில் ஓடும் பஸ்களில் பெரும்பகுதி தனியார் பஸ்கள். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் வாங்க வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. குறைந்தபட்ச மாணவர் கட்டணம் 1 ரூபாய். 2022 மே மாதம் சாதாரணப் பயணிகளுக்கான குறைந்தபட்ச கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆனது. மாணவர் கட்டணத்தை மட்டும் தொடவில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மீதி 9 ரூபாய்? அதை அரசு முதலாளிக்குத் திருப்பித் தருவதில்லை. முதலாளிதான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போ அந்த பஸ் கண்டக்டரின் இடத்தில் நின்று பாருங்கள். காலை 8 மணி. ஸ்டாப்பில் 15 மாணவர்கள், 15 ஆபீஸ் போகிறவர்கள். ஆபீஸ் போகிறவர் ஏறினால் 10 ரூபாய். மாணவர் ஏறினால் 1 ரூபாய். சாயந்தரம் அன்றைய கலெக்‌ஷனை முதலாளியிடம் கணக்கு காட்ட வேண்டும். அவர் யாரை முதலில் ஏற்றுவார்?

அதனால்தான் கேரளத்தில் படித்தவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். மற்றவர்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு, பஸ் புறப்படும் நேரத்தில்தான் மாணவர்களை ஏறவிடுவார்கள். வெயிலோ மழையோ, வெளியே வரிசையில் நிற்க வேண்டும். சில பஸ்கள் மாணவர் கூட்டத்தைப் பார்த்தாலே ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிற்கும். ஓடிப்போய் ஏற வேண்டும். சீட் காலியாக இருந்தாலும் உட்காரத் தயங்குவார்கள்.

அந்தக் கண்டக்டர் கெட்டவர் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு மாணவர் ஏறினாலே அவருக்கு நஷ்டம் என்கிற மாதிரி ஏற்பாட்டைச் செய்தது யார்? சலுகையை அறிவித்த பெருமை அரசுக்கு, செலவு முதலாளிக்கு, அவமானம் மாணவருக்கு. முதலாளிகள் மாணவர் கட்டணத்தைக் குறைந்தது 5 ரூபாய் ஆக்கச் சொல்லி பல வருஷமாக ஸ்ட்ரைக் செய்கிறார்கள். 2022 மார்ச்சில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஆண்டனி ராஜு, 2 ரூபாய் கொடுப்பதை மாணவர்களே கூச்சமாக நினைக்கிறார்கள் என்கிற பொருளில் பேசினார். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த மாணவர் அமைப்பே அதைக் கண்டித்தது. அந்த 2 ரூபாய் இருக்கிறதா என்று பர்ஸைத் தடவிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அது கூச்சமா, வழியா என்று தெரியும்.

கேரளத்தில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1958. குட்டநாடு பகுதியில் ரோடு கிடையாது, எங்கே போனாலும் போட்தான். மாணவர்கள் பள்ளி, கல்லூரிக்குப் போக ஒரு அணா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் படகுப் போக்குவரத்தை அரசு எடுத்துக்கொண்டது. மாணவர் கட்டணம் 10 பைசா ஆனது. அதற்கு முந்தைய வருஷம், 1957 ஏப்ரலில்தான் நாட்டில் புதிய பைசா வந்திருந்தது. ஒரு அணா என்றால் புதுக் கணக்கில் சுமார் 6 பைசா. அதாவது 6 பைசா 10 பைசா ஆகிவிட்டது.

4 பைசாதானே? அந்த 4 பைசாவுக்காக ஆலப்புழையில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்குப் பெயர் ஓரணா சமரம், ஒரு அணா போராட்டம். அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த கேரள மாணவர் சங்கம், கேஎஸ்யூ, இந்தப் போராட்டத்தில்தான் மாநிலம் முழுக்கத் தெரிய வந்தது. ஆட்சியில் இருந்தது இஎம்எஸ் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு. கடைசியில் அரசு இறங்கி வந்தது, பழைய ஒரு அணா திரும்பியது. மாணவர் பயணக் கட்டணம் என்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை என்று அங்கே எந்தக் கட்சியும் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

இதே முதல் பதிலின் இன்னொரு உதாரணம் டாக்கா. 2021 நவம்பரில் பங்களாதேஷில் டீசல் விலை லிட்டருக்கு 65 டாக்காவிலிருந்து 80 டாக்கா ஆனது. உடனே பஸ் கட்டணமும் ஏறியது. மாணவர்கள் பாதிக் கட்டணம் கேட்டு ரோட்டை மறித்தார்கள். அவர்கள் அதை "ஹாஃப் பாஸ்" என்பார்கள். டிசம்பர் 1 முதல் டாக்காவில் பாதிக் கட்டணத்துக்கு பஸ் முதலாளிகள் ஒத்துக்கொண்டார்கள். கூடவே நிபந்தனைகள். ஐடி கார்டு காட்ட வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரைதான். விடுமுறை நாளில் கிடையாது.

இரவு 8 மணிக்கு மேல் மாணவர் மாணவர் இல்லையா? லைப்ரரியிலிருந்து 9 மணிக்கு வருகிறவர் யார்? டியூஷன் எடுத்து செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற பிள்ளை வெள்ளிக்கிழமையும் டியூஷன் எடுக்கப் போகுமே? முதலாளியின் பாக்கெட்டிலிருந்து வரும் சலுகை இப்படித்தான் இருக்கும். எங்கே சுருக்க முடியுமோ அங்கே சுருக்குவார்கள்.

சரி, இரண்டாவது பதில். அரசு கொடுப்பது. நம்ம ஊர்.

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை. இதில் ஆகும் இழப்பை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் திருப்பித் தருகிறது. 2023-24 பட்ஜெட்டில் மாணவர் பயணச் சலுகைக்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பள்ளி மாணவர்களையும் சேர்த்த தொகை அது.

இந்த ஏற்பாட்டின் நல்லது என்னவென்றால், பாஸ் வைத்திருக்கும் பிள்ளையால் கண்டக்டருக்குச் சொந்த நஷ்டம் இல்லை. கேரள மாணவர் மாதிரி வெளியே நிற்க வேண்டியதில்லை. சென்னையில் கல்லூரிப் பசங்களுக்கு பஸ் எவ்வளவு சொந்தமாகத் தெரிந்தது என்றால், ரூட் நம்பரையே ஊர் பெயர் மாதிரிச் சொல்லிக்கொள்வார்கள். "நான் 29சி" என்பான் ஒருத்தன். ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு "ரூட்டு தல". பஸ்ஸுக்கு மாலை போட்டு, கூரை மேல் ஏறி "பஸ் டே" கொண்டாடுவது. அந்த மோதல்கள், கத்தி, கல்வீச்சு எல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று கவனிச்சிருக்கீங்களா? மாணவர், பஸ் என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து செய்தியில் வந்தால் அது ஃபுட்போர்டு அல்லது அடிதடியாகத்தான் இருக்கும். அந்த பஸ் இல்லாவிட்டால் தன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் போயிருக்கவே முடியாது என்பது செய்தியாக வராது.

இப்போ இந்த இரண்டாவது பதிலில் இருக்கும் ஓட்டைகளைச் சொல்கிறேன்.

முதல் ஓட்டை, அரசுக் கல்லூரிக்கு இலவசம், தனியாருக்குப் பாதி என்கிற பிரிப்பு. தனியார் கல்லூரியில் படிக்கிறவர் பணக்காரர் என்கிற கணக்கில் அமைந்தது இது. நிஜத்தில் என்ன நடக்கிறது? அரசுக் கல்லூரியில் சீட் கிடைக்கவில்லை, அதனால் கடன் வாங்கித் தனியாரில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! என் கிளாஸிலேயே ஒரு நண்பன் இருந்தான். அவன் அப்பா மூட்டை தூக்குகிறவர். ஃபீஸைக் கட்டியாச்சு, பஸ்ஸுக்குக் காசு இல்லை. காலேஜ் பஸ் இருந்தது, ஆனால் அதற்கு வருஷத்துக்கு ஒரு தொகை மொத்தமாகக் கட்ட வேண்டும். அதனால் அரசு பஸ். அதிலும் இரண்டு ஸ்டேஜ் முன்னாடியே இறங்கி நடப்பான். ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் அவனுக்கு எப்பவும் அடி வாங்கும். "லேட்டா வந்தா லேட்டுதான், காரணம் சொல்லாத"ன்னு ஒரு லெக்சரர் சொல்வார். அவன் காரணம் எதுவும் சொல்ல மாட்டான். சிரித்துக்கொண்டே வெளியே நிற்பான். செமஸ்டர் கடைசியில் அட்டெண்டன்ஸ் குறைவு என்று கண்டோனேஷன் ஃபீஸ் கட்டச் சொன்னார்கள். பஸ்ஸில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கே போனது.

மாதத்துக்கு அவன் மிச்சம் பிடித்தது நூறு, நூற்றைம்பது ரூபாய்தான் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு பிரியாணி காசு.

இரண்டாவது ஓட்டை, பாதி என்பது எதில் பாதி? 2018 ஜனவரி ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டில் 20ஆம் தேதி பஸ் கட்டணம் ஒரே அடியாக ஏறியது. 2011க்குப் பிறகு வந்த முதல் உயர்வு. மாநிலம் முழுக்க மாணவர்கள் கிளாஸை விட்டு வெளியே வந்தார்கள். "உங்களுக்குத்தான் சலுகை இருக்கே, நீங்க ஏன் கத்துறீங்க"ன்னு அப்போது பலர் கேட்டார்கள். முழுக் கட்டணம் ஏறினால் பாதிக் கட்டணமும் ஏறும், இது முதல் பதில். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள் என்பது இரண்டாவது பதில். அந்த மாத முடிவில் அரசு கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தது.

மூன்றாவது ஓட்டை, பாஸ் இருக்கிறது, பஸ் இல்லை. பாஸ் அரசு பஸ்ஸில்தான் செல்லும். கோவை, சேலம் மாதிரி ஊர்களில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுகின்றன. அரசு பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, நடுவில் தனியார் பஸ் மூன்று என்றால், கையில் பாஸ் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? கிளாஸைப் பார்ப்பதா, காசைப் பார்ப்பதா? மற்ற நகரங்களில் ஷேர் ஆட்டோவும் இதே கதைதான். மெயின் ரோட்டில் பஸ் விட்டுவிடும், உள்ளே இருக்கிற கல்லூரிக்கு இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டருக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணம், இப்போ விடியல் பயணம் என்கிற பெயரில் இருப்பது, இந்தக் கணக்கில் ஒரு பெரிய மாற்றம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஒரு மாணவி ஏறினால், அவள் எந்தக் கல்லூரி, வயது என்ன, ஃபார்மில் சீல் இருக்கா, இதெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்டர்ன்ஷிப்புக்குப் போகலாம். சாயந்தரம் கன்னிமாரா லைப்ரரிக்குப் போகலாம். பாஸில் எழுதியிருக்கிற ரூட்டில்தான் போக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. படிப்பு என்பது வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் மட்டும் நடப்பது இல்லையே. அந்தத் திட்டத்திடமிருந்து மாணவர் பாஸ் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பேன்.

மூன்றாவது பதிலுக்கு வருவோம். மற்ற மாணவர்கள் கொடுப்பது. இதற்கு ஜெர்மனி.

இதைக் கேட்கிற உங்களில் சிலர் அடுத்த வருஷம் அங்கே மாஸ்டர்ஸ் போகக் காத்திருப்பீர்கள். அங்கே போனதும் ஒரு வார்த்தை காதில் விழும்: செமஸ்டர்டிக்கெட். 1991இல் டார்ம்ஷ்டாட் நகரில் தொடங்கிய ஏற்பாடு. ஒவ்வொரு செமஸ்டரும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் கட்டணத்தோடு ஒரு போக்குவரத்துத் தொகையும் சேரும். பஸ்ஸில் போகிறவர், சைக்கிளில் போகிறவர், கேம்பஸுக்கு எதிர் வீட்டில் குடியிருப்பவர் எல்லோரும் கட்ட வேண்டும். எல்லோரும் கட்டுவதால் ஒருவருக்கு வரும் தொகை மிகவும் குறைகிறது. 40 கிலோமீட்டர் தூரத்தில், வாடகை குறைவான இடத்தில் தங்கிப் படிக்கிறவர் அதனால் பிழைக்கிறார்.

"நான் ஏன் அவனுக்காகக் கட்டணும்"னு அங்கேயும் கேட்டார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2000ஆம் ஆண்டில் இந்தக் கட்டாய வசூல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2023 மே மாதம் நாடு முழுக்கச் செல்லும் மாதாந்திர டிக்கெட்டை 49 யூரோவுக்குக் கொண்டுவந்தார்கள். நெடுந்தூர, அதிவேக ரயில்களைத் தவிர, உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 2024 முதல் மாணவர்களுக்கு அதை 60 சதவீத விலையில் தரலாம் என்று முடிவானது. அப்போ மாதம் 29 யூரோ 40 சென்ட். பிறகு பொது விலை ஏற ஏற இந்த 60 சதவீதமும் ஏறுகிறது. நாம் பார்த்த அதே "எதில் பாதி" கேள்வி அங்கேயும் இருக்கிறது, பாருங்க.

இந்த மூன்றாவது முறையை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஏற்கெனவே ஃபீஸ் ரசீதில் "இதர கட்டணம்" என்று ஐந்தாறு வரி இருக்கிற கல்லூரிகளில் இன்னொரு வரி சேர்ந்தால், அந்தக் காசு பஸ்ஸாகத் திரும்பி வருமா என்கிற சந்தேகம் நியாயமானது. ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். பஸ், மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் ஒரே மாணவர் அட்டை. நம் பிள்ளை எம்டிசிக்கு ஒரு ஃபார்ம், ரயில் சீசனுக்கு இன்னொரு ஃபார்ம் என்று அலைகிறான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் ஆளுக்கு அது ஒரே பயணம்தானே?

இங்கே கொஞ்சம் உபயோகமான தகவல், குறிச்சுக்கோங்க. ரயிலில் மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் பாதி விலை. பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை, ஆண்களுக்கு 12ஆம் வகுப்பு வரை, வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் இலவசம். ஹாஸ்டலில் இருந்து லீவுக்குச் சொந்த ஊர் போக ஸ்லீப்பரிலும் சலுகை உண்டு. பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 75 சதவீதம். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவற்றை ரயில்வே நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. ஆனால் ஐஆர்சிடிசி ஆப்பில் தேடினால் இது கிடைக்காது. கல்லூரியில் சலுகைப் படிவம் வாங்கி, முதல்வர் கையெழுத்தோடு கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. உங்கள் ஆபீஸ் ரூமில் கேளுங்கள். "அப்படி ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்.

சரி, எனக்கு என்ன வேண்டும்? மூன்றே விஷயம். ஒன்று, பாஸை நிர்ணயிப்பது கல்லூரியின் பெயர்ப் பலகையாக இருக்கக் கூடாது. அரசோ தனியாரோ, குடும்ப வருமானம் குறைவான எல்லா மாணவருக்கும் இலவசம் வேண்டும். இரண்டு, பாஸ் கொடுத்த எண்ணிக்கைக்கு ஏற்ப காலை 7 முதல் 9 வரை பஸ் விட வேண்டும். ஃபுட்போர்டில் தொங்காதே என்று போர்டு வைப்பதைவிட அடுத்த பஸ் ஐந்து நிமிஷத்தில் வரும் என்கிற நம்பிக்கை நிறையக் கால்களைக் காப்பாற்றும். மூன்று, ரூட் கட்டுப்பாடு இல்லாத அட்டை. சென்னையில் ஏசி இல்லாத எம்டிசி பஸ்களில் மாதம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போக 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது. அதையே பாதி விலைக்கு எந்த மாணவர் கேட்டாலும் தந்தால் என்ன?

"இதெல்லாம் இலவசம், இலவசம்னு நாட்டைக் கெடுக்குது"ன்னு ஒரு அங்கிள் உங்கள் ஃபேமிலி குரூப்பில் கட்டாயம் இருப்பார். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். பஸ் காசு இல்லாததால் பக்கத்தில் இருக்கிற, பிடிக்காத படிப்பில் சேர்ந்த பிள்ளையால் நாட்டுக்கு ஏற்படும் நஷ்டத்தை அவர் எந்தப் பட்ஜெட்டில் எழுதுவார்?

கடைசியாக ஒரு ஊர். சிலி நாட்டின் சாண்டியாகோ, 2019 அக்டோபர். மெட்ரோவில் நெரிசல் நேரக் கட்டணத்தை 30 பெசோ ஏற்றினார்கள். மாணவர் கட்டணத்தை ஏற்றவில்லை. ஆனாலும் முதலில் ஸ்டேஷன் கேட்டைத் தாண்டிக் குதித்தவர்கள் ஸ்கூல் பிள்ளைகள்தான். தங்கள் டிக்கெட் ஏறவில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பா அம்மாவின் டிக்கெட் ஏறியது. அது பிறகு நாட்டையே உலுக்கிய போராட்டமாக மாறியது என்பது தனி எபிசோடுக்கான கதை.

உங்கள் ஊரில் பாஸ் எப்படி, பஸ் எப்படி, எந்த ஸ்டாப்பில் உங்களைப் பார்த்ததும் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், எல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க. ரூட் நம்பரோடு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதிலிருந்து தொடங்கலாம். இப்போ இயர்போனைக் கழட்டிட்டு, உங்க ஸ்டாப் வந்துடுச்சான்னு பாருங்க.